பாய்காட்: ஒரு காரியஸ்தரின் பெயர் சொல்லான கதை

ஜில்லா கோர்ட் வாசலில் மஞ்சள் பையோடு நிற்கிற கட்சிக்காரரிடம் என்ன ஆச்சு என்று விசாரித்தால், “இன்னிக்கு பாய்காட்டாம், வாய்தா போட்டுருவாங்க” என்று சலிப்போடு சொல்வார். சாலை போட்டுத் தராததால் தேர்தலைப் புறக்கணிக்கிறோம் என்று ஊர் முகப்பில் பேனர் கட்டியவர்கள், நிருபர் மைக்கை நீட்டினால் “எலெக்‌ஷனை பாய்காட் பண்றோம் சார்” என்கிறார்கள். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் ‘பணிப்பகிஷ்கரிப்பு’ என்ற தலைப்பு வராத மாதம் இருக்காது. கல்லூரி வகுப்பு, கட்சிக் கூட்டம், புதுப்படம், வெளிநாட்டுக் குளிர்பானம் என எதன் மீதும் இந்தச் சொல் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஸ்ட்ரைக், பந்த், லீவு போல அதுவும் தமிழோடு கலந்துவிட்டது.

1880-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் வரை உலகத்தின் எந்த அகராதியிலும் இந்தச் சொல் கிடையாது. அது வெறும் குடும்பப் பெயர். அந்தப் பெயரைக் கொண்டிருந்தவர் அயர்லாந்தின் மேற்குக் கரையோரம், மேயோ மாவட்டத்தில், மாஸ்க் என்ற பெரிய ஏரியின் கரையில் குடியிருந்தார். பக்கத்துச் சந்தை ஊர் பாலின்ரோப்.

சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட் 1832-இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் பிறந்தவர். பிறந்தபோது அவர் குடும்பம் அந்தப் பெயரின் கடைசி அசையை வேறு எழுத்தில் எழுதிவந்தது. 1841-இல்தான் இன்றைய வடிவத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். சில ஆண்டுகள் ராணுவத்தில் இருந்தார். ‘கேப்டன் பாய்காட்’ என்றே சரித்திரத்தில் நிற்கிறார் என்றாலும் கேப்டன் பதவியை அவர் எட்டவில்லை, ஊரார் மரியாதைக்குச் சொன்ன பட்டம் அது. ராணுவத்தை விட்டபின் மேயோ கரைக்கு அப்பாலுள்ள அக்கில் தீவில் பல ஆண்டுகள் விவசாயம் பார்த்தார். 1870-களின் முற்பாதியில் மாஸ்க் ஏரிக்கரை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர் எர்ன் பிரபு. வடக்கே வேறொரு மாவட்டத்தில் கோட்டை கட்டி வாழ்ந்தவர். மொத்தம் 40,000 ஏக்கர் போல வைத்திருந்தார். மேயோவில் இருந்தது அதில் ஒரு சிறு பகுதி. அதற்குக் காரியம் பார்க்கத்தான் பாய்காட். வசூலாகும் குத்தகையில் நூற்றுக்குப் பத்து அவருக்குக் கூலி. அதோடு தனக்கென்றும் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்திருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய மனிதர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. மிராசுதார் பட்டணத்தில் இருப்பார், அவர் முகத்தைக் குடியானவன் கண்டிருக்கவே மாட்டான், களத்துமேட்டில் கண் எதிரே நிற்பவர் காரியஸ்தர்தான். கோபமும் அவர் மேல்தான் விழும்.

அந்தக் கோபத்துக்குப் பாய்காட் போதுமான இடம் கொடுத்தார். வேலிப் படலைத் திறந்து போட்டால் அபராதம். கோழி அவர் எல்லைக்குள் மேய்ந்தால் அபராதம். எஸ்டேட் தோப்பில் காலங்காலமாகச் சுள்ளி பொறுக்கி வந்தவர்களுக்கு அதுவும் நின்றது. பெரிய கொடுமைக்காரர் என்று அவரைச் சொல்ல முடியாது. அந்தக் காலத்து அயர்லாந்தில் அவரைவிட மோசமானவர்கள் நிறைய இருந்தார்கள். தன் சொல்லே சட்டம் என்று நம்பிய கறாரான மனிதர், அவ்வளவுதான். பெரிய அநியாயம் கண்ணுக்குத் தெரியாமல் தூரத்தில் இருக்கும். கோழிக்குப் போட்ட அபராதம் தினசரி வீட்டு வாசலில் நிற்கும். குடியானவர் மனதில் பாய்காட்டைப் பகையாளியாக்கியது இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அயர்லாந்தில் அன்று உழுகிறவனுக்கு நிலம் சொந்தமில்லை. குத்தகை பாக்கி விழுந்தால் அமீனா வருவான், நோட்டீஸ் தருவான், பிறகு போலீஸ் வந்து சட்டி பானையை வெளியே எறிந்து கூரையைப் பிரிக்கும். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதற்குச் சற்றும் குறையாதவர்கள் கப்பலேறிப் போனார்கள். அந்த நினைவு ஆறாமல் இருக்கும்போதே 1879-இல் மறுபடியும் விளைச்சல் பொய்த்தது. இன்னொரு பஞ்சம் வருகிறது என்ற பயத்தில்தான் அந்த ஆண்டு அக்டோபரில் நிலச் சங்கம் பிறந்தது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் மைக்கேல் டேவிட். மேயோ மாவட்டத்துக்காரர். நாலு வயதில் குடும்பத்தோடு வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, இங்கிலாந்தில் பஞ்சாலைக்கு வேலைக்குப் போய், 11 வயதில் இயந்திரத்தில் வலது கையைப் பறிகொடுத்தவர். சங்கத்தின் தலைவர் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னல். அவரே ஒரு நிலச்சுவான்தார், மதத்தால் புராட்டஸ்டன்ட். ஆனாலும் கத்தோலிக்கக் குடியானவர்கள் அவரை முடிசூடா மன்னர் என்றே கொண்டாடினார்கள்.

1880 செப்டம்பர் 19. கிளேர் மாவட்டத்து என்னிஸ் நகரில் பார்னல் பேசினார். ஒருவனை வெளியேற்றிய நிலத்தை இன்னொருவன் பேராசைப்பட்டுக் குத்தகைக்கு எடுத்தால் அவனை என்ன செய்வீர்கள் என்று கூட்டத்தைக் கேட்டார். சுட வேண்டும், கொல்ல வேண்டும் என்று குரல்கள் எழுந்தன. அதைவிட நல்ல வழி, கிறிஸ்தவனுக்கு ஏற்ற வழி ஒன்று இருக்கிறது என்றார் பார்னல். சாலையில் எதிர்ப்பட்டால் பேசாதீர்கள், கடையிலும் சந்தையிலும் கோயிலிலும் அவனைக் கண்டுகொள்ளாதீர்கள், பழங்காலத்தில் தொழுநோயாளியை ஒதுக்கியதுபோல ஒதுக்கி வையுங்கள் என்று விளக்கினார். (அந்த உவமை இன்று காதுக்கு உறுத்துகிறது. 1880-இல் யாருக்கும் உறுத்தவில்லை.) அவர் மனதில் இருந்தது நிலம் பறிக்கும் சக குடியானவன். நான்கே நாளில் அது ஒரு காரியஸ்தர் மேல் பாயும் என்று அவர் நினைத்துப் பேசியதாகத் தெரியவில்லை.

மாஸ்க் ஏரிக்கரையில் அப்போது குத்தகைத் தகராறு முற்றியிருந்தது. விளைச்சல் சரியில்லை என்று எர்ன் பிரபு நூற்றுக்குப் பத்து தள்ளுபடி தர ஒப்புக்கொண்டார். குடியானவர்கள் 25 கேட்டார்கள். பிரபு மறுத்தார். அந்த நிலத்திலிருந்து ஆண்டுக்குக் கிடைத்த மொத்தக் குத்தகையே 500 பவுன்தான். அப்படியென்றால் இரண்டு தரப்புக்கும் நடுவே இருந்த வித்தியாசம் 75 பவுன். இந்தத் தொகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேறு ஒரு தொகை வரப்போகிறது.

செப்டம்பர் 22 அன்று பாய்காட் 11 குடும்பங்களுக்கு வெளியேற்ற நோட்டீஸ் கொடுக்க அமீனாவை அனுப்பினார். துணைக்கு 17 போலீஸ்காரர்கள். மூன்று வீட்டில் நோட்டீஸ் கொடுத்தாயிற்று. அடுத்த வீட்டில் ஃபிட்ஸ்மாரிஸ் என்ற பெண்மணி வாங்க மறுத்தார். மறுத்ததோடு விடவில்லை, சிவப்புத் துணியை உயர்த்தி ஆட்டி அக்கம்பக்கத்துக்குச் சைகை காட்டினார். அவ்வளவுதான், நாலா பக்கமிருந்தும் பெண்கள் திரண்டு வந்தார்கள். கல், சேறு, சாணி என்று கையில் அகப்பட்டதெல்லாம் பறந்தது. அமீனாவும் போலீஸாரும் ஓட்டமாக ஓடிப் பாய்காட் வீட்டுக்குள் புகுந்து தப்பினார்கள்.

உலகம் முழுவதும் அறிந்த ஒரு சொல்லின் பிறப்புக்கு இந்தப் பெண்கள்தான் காரணம். ஆனால் கதை சொல்கிற புத்தகங்கள் பார்னலின் பேச்சை விரிவாகச் சொல்லிவிட்டுப் பெண்களை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. மேடையில் சொன்னது மேடையோடு போயிருக்கும். மேயோவில் அதை உயிருள்ளதாக்கியவர்கள் சாணியை அள்ளி எறிந்த பெண்கள்.

மறுநாள் கூட்டம் பாய்காட் வீட்டுக்கே வந்தது. வீட்டு வேலைக்காரர்களும் பண்ணையாட்களும் வேலையை விட்டுக் கிளம்பினார்கள். அடுத்தடுத்த நாட்களில் கொல்லர் குதிரைக்கு லாடம் அடிக்க மறுத்தார். சலவைக்காரப் பெண் துணி எடுக்க வரவில்லை. பாலின்ரோப் கடைக்காரர்கள் சாமான் தரவில்லை. தபால் கொண்டுவரும் பையனை மிரட்டி நிறுத்தினார்கள். பாய்காட்டின் உறவுப் பையன் ஒருவன் நான் எடுத்து வருகிறேன் என்று போக, வழியில் மறித்து, இனி வந்தால் உனக்கு ஆபத்து என்று சொல்லி அனுப்பினார்கள். சாப்பாட்டுச் சாமான் காங் என்ற ஊரிலிருந்து ஏரி வழியாகப் படகில் வந்தது. வயலில் உருளைக்கிழங்கும் டர்னிப்பும் தோண்ட ஆளில்லாமல் மண்ணுக்குள் கிடந்தன.

எல்லாமே அகிம்சையாக நடந்தது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். கொல்லருக்கும் கடைக்காரர்களுக்கும் மிரட்டல் வந்தது என்று பாய்காட்டே எழுதினார். அவர் எழுதிய கடிதம் லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகையில் அக்டோபர் 18 அன்று வெளியானது. தன் வேலையாட்களும் கடைக்காரர்களும் தன்னை விட்டுப் போன விதத்தை அதில் வரிசையாகச் சொல்லி, எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாட்டை விட்டுப் போகும்வரை தன்னை அழிப்பதே நிலச் சங்கத்தின் நோக்கம் என்று முறையிட்டார். அந்தக் கடிதத்தைப் படித்துத்தான் இங்கிலாந்து விழித்தது. மாஸ்க் ஏரிக்கரைக்கு நிருபர்கள் வந்து குவிந்தார்கள்.

அவர்களுக்கு முன்பே அங்கே இருந்தவர் ஜேம்ஸ் ரெட்பாத். அமெரிக்கப் பத்திரிகையாளர், அடிமை ஒழிப்புக்காகப் பாடுபட்டவர். அந்தப் பங்கின் பாதிரியார் ஜான் ஒமாலி அவருக்கு நண்பர். ஒமாலிதான் ஊராரை ஒன்றுசேர்த்தவர், அடிதடி கூடாது என்று தடுத்தவரும் அவரே. ஒருநாள் இருவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது ரெட்பாத் சாப்பிடாமல் யோசனையில் இருந்தார். என்ன விஷயம் என்று பாதிரியார் கேட்டார். ஒரு சொல் அகப்படவில்லை என்றார் ரெட்பாத். நிலம் பறிக்கும் சக குடியானவனை ஒதுக்கினால் அதைச் சமூக விலக்கம் என்று எழுதலாம். பாய்காட் போன்ற ஒரு காரியஸ்தரை ஊரே ஒதுக்குவதை என்னவென்று எழுதுவது? பழைய ஏதென்ஸ் நகரத்தார் ஓட்டுச் சில்லில் பெயர் எழுதி ஒருவரை நாடுகடத்திய வழக்கத்திலிருந்து வந்த ஆங்கிலச் சொல் ஒன்று இருக்கிறது. ஆனால் அது படித்தவர்களின் சொல், குடியானவருக்குப் புரியாது.

பாதிரியார் நெற்றியைத் தட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, அவரைப் ‘பாய்காட் செய்வது’ என்றே சொன்னால் என்ன என்று கேட்டார். ரெட்பாத் பின்னாளில் எழுதிய விவரம் இது. அமெரிக்கப் பத்திரிகைக்கு அந்த அக்டோபரிலேயே அந்தச் சொல்லை எழுதி அனுப்பிவிட்டார். நவம்பர் 20 அன்று ‘டைம்ஸ்’ பத்திரிகையே அதை வினைச்சொல்லாக எடுத்து ஆண்டது.

ஒரு கிராமத்துப் பாதிரியார் பண்டிதச் சொல்லைத் தள்ளிவிட்டுத் தன் ஜனங்களின் வாயில் நுழையும் சொல்லைத் தேடினார் என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். மேயோவில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் அன்று ஒன்றே ஒன்றுதான், அதையே எடுத்துக் கொடுத்தார்.

இதற்குள் வடக்கே அல்ஸ்டரில் பாய்காட்டுக்காகப் பணம் திரட்டி அறுவடைக்கு ஆள் அனுப்பும் முயற்சி தொடங்கியிருந்தது. நூற்றுக்கணக்கான புராட்டஸ்டன்ட் தொண்டர்கள் ஆயுதத்தோடு வரத் தயாராக இருந்தார்கள். அப்படி வந்தால் மதக் கலவரம் வெடிக்கும் என்று பயந்த அயர்லாந்து அமைச்சர் ஃபார்ஸ்டர், 50 பேருக்கு மேல் கூடாது என்று கட்டளையிட்டார். நவம்பர் 11 அன்று 50 பேரும் கிளேர்மாரிஸ் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கினார்கள். அவர்களைக் காக்க ராணுவமும் போலீஸும் சேர்ந்து ஆயிரம் பேருக்கு மேல். வண்டி ஓட்ட ஒரு உள்ளூர்க்காரர்கூட வரவில்லை. கொட்டும் மழையில் சேற்றை மிதித்துக்கொண்டு பாலின்ரோப் வரை நடந்தே போனார்கள். வழியில் கலகக் கூட்டம் எதுவும் இல்லை. யாரும் எதிரே வர வேண்டாம், வீட்டுக்குள் இருங்கள் என்று ஒமாலி முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

இரண்டு வாரம் போல, மழைக்கும் காற்றுக்கும் நடுவே கூடாரத்தில் தங்கிக் கிழங்கு தோண்டினார்கள். தோண்டிய பயிரின் மதிப்பு சுமார் 500 பவுன். அதைக் காவல் காக்க ஆன செலவு குறைந்தது 10,000 பவுன் என்று கணக்கிட்டார்கள். ஒரு டர்னிப் கிழங்குக்கு ஒரு ஷில்லிங் செலவு என்று பார்னல் மேடையில் குத்திக்காட்டினார். 75 பவுன் வித்தியாசத்துக்காகத் தொடங்கிய சண்டை இது. ஒரு ராஜாங்கம் தன் பிடிவாதத்துக்கு எவ்வளவு செலவழிக்கத் தயாராக இருக்கும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான கணக்கு கிடைப்பது அரிது.

நவம்பர் 27 அன்று அறுவடைக்கு வந்தவர்கள் திரும்பினார்கள். அன்றே பாய்காட்டும் குடும்பத்தோடு கிளம்பினார். வண்டிக்காரர் யாரும் கிடைக்கவில்லை. ராணுவ ஆம்புலன்ஸ் வண்டியில், ராணுவ வண்டிக்காரர் ஓட்ட, ஏரிக்கரையை விட்டுப் போனார். டப்ளினில் அவர் தங்கிய ஹோட்டலுக்கு மிரட்டல் கடிதம் வந்தது. தயவுசெய்து காலி செய்துவிடுங்கள் என்று ஹோட்டல்காரர் கேட்டுக்கொண்டார். டிசம்பர் 1 அன்று இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அடுத்த ஆண்டு அமெரிக்காவுக்குப் போனபோது தன் கடைசிப் பெயரை விட்டுவிட்டு ‘சார்லஸ் கன்னிங்ஹாம்’ என்ற பெயரில் பயணம் செய்தார். சொந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ள முடியாத நிலை. அவருக்கு நேர்ந்ததிலேயே இதுதான் கொடுமையானது என்று நினைக்கிறேன். சேற்றையும் சாணியையும் கழுவிவிடலாம், இதைக் கழுவ முடியாது. கடைசியில் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் இன்னொரு எஸ்டேட்டுக்குக் காரியஸ்தரானார். 1897 ஜூன் 19 அன்று, 65-ஆம் வயதில், அங்கேயே காலமானார். அதற்குள் பிரெஞ்சு, ஜெர்மன், டச்சு, ரஷ்ய மொழிகளில் அவர் பெயர் வினைச்சொல்லாகியிருந்தது.

குடியானவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். பார்னலைப் பிடித்துச் சிறையில் போட்ட அதே 1881-இல் பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டனின் அரசு ஒரு நிலச் சட்டம் கொண்டுவந்தது. குத்தகையை நியாயமாக நிர்ணயிக்கத் தனி நீதிமன்றம் வந்தது, ஒழுங்காகக் குத்தகை கட்டுகிறவரை வெளியேற்ற முடியாது என்றானது. 1903-இல் வந்த இன்னொரு சட்டம், குடியானவர் அரசுக் கடனில் நிலத்தையே வாங்கிக்கொள்ள வழி செய்தது. பிரபுக்களின் காலம் அத்தோடு முடியத் தொடங்கியது.

சொல் கப்பலேறி இந்தியாவுக்கு வர நெடுங்காலம் ஆகவில்லை. வங்கத்தை கர்ஸன் இரண்டாகப் பிரித்தபோது, 1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா டவுன் ஹால் கூட்டத்தில் அந்நியச் சரக்கைப் பாய்காட் செய்வதென்று தீர்மானம் போட்டார்கள். அந்த அலை தெற்கே அடித்தபோது அயர்லாந்துக் கதை அப்படியே மறுபடி நடந்த ஊர் தூத்துக்குடி.

1908 பிப்ரவரி 27 அன்று, வெள்ளைக்காரர் நடத்திய கோரல் மில்லின் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னின்றவர்கள் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும். மில்லுக்குள் நடந்தது வேலைநிறுத்தம். மில்லுக்கு வெளியே ஊர் செய்ததுதான் மேயோவை நினைவூட்டுகிறது. வெள்ளைக்காரருக்கும் அவர்களை ஆதரித்தவர்களுக்கும் சவரம் செய்ய நாவிதர்கள் மறுத்தார்கள், துணி வெளுக்கச் சலவைத் தொழிலாளர்கள் மறுத்தார்கள், கடைகளில் சாமான் கிடைக்கவில்லை. சவரத்துக்கு உட்கார்ந்த ஒரு வக்கீல் மில் நிர்வாகத்துக்குப் பரிந்து பேசினாராம். நாவிதர் பாதிச் சவரத்தில் கத்தியை மடித்துக்கொண்டு போய்விட்டாராம். மற்றவர்களும் தொட மறுக்க, அந்த வக்கீல் வெளியூர் போய்த்தான் மீதியை முடித்துக்கொண்டு வந்தார் என்று ஊரில் வழிவழியாகச் சொல்கிறார்கள். பத்து நாளுக்குள் நிர்வாகம் இறங்கி வந்தது, கூலி உயர்ந்தது. அரசு அந்த மார்ச் 12 அன்றே வ.உ.சி.யையும் சிவாவையும் கைது செய்தது. ஒரு நாவிதரின் மடித்த கத்திக்கு ஒரு சாம்ராஜ்யம் எவ்வளவு பயந்திருக்கிறது என்று அந்த அவசரமே காட்டுகிறது.

காந்தி 1920-இல் கோர்ட்டையும் சட்டசபையையும் அந்நியத் துணியையும் விடச் சொன்னபோது, பாய்காட்டுக்கு ஈடாகத் தமிழில் ‘பகிஷ்காரம்’ என்ற சொல் வீட்டுக்கு வீடு போனது. 1928-இல் சைமன் கமிஷன் வந்தபோதும் அதே சொல். பாக் ஜலசந்திக்கு அப்பால் அது இன்னும் பெரிதாக ஒரு காரியம் செய்தது. இலங்கைக்கு வந்த டொனமூர் அரசியலமைப்பு முழுச் சுயாட்சி தரவில்லை என்று சொல்லி, ஹண்டி பேரின்பநாயகம் முதலானோர் நடத்திய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1931 அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளில் ஒருவர்கூட வேட்பு மனு கொடுக்கவில்லை. 1934 வரை அந்த நான்கு ஆசனங்களும் காலியாகவே இருந்தன. அது சரியான முடிவா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. அந்தச் சொல் மட்டும் இலங்கைத் தமிழில் வேரூன்றிவிட்டது. தமிழ்நாட்டில் ‘பகிஷ்காரம்’ மங்கி ‘புறக்கணிப்பு’ வந்த பிறகும், அங்கே ‘பகிஷ்கரிப்பு’ என்றே எழுதுகிறார்கள், பேசுகிறார்கள்.

சொல் பரவப் பரவ அதன் கூர்மை கொஞ்சம் மழுங்கியது. வேலைநிறுத்தம் என்றால் நான் செய்கிற வேலையை நிறுத்துவது. வெளிநடப்பு என்றால் வந்தபின் எழுந்து போவது. பாய்காட் என்பது உறவையே அறுப்பது: வாங்க மாட்டேன், விற்க மாட்டேன், வர மாட்டேன், பேச மாட்டேன். அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரத்துக் கறுப்பின மக்கள் 1955 டிசம்பரிலிருந்து 381 நாள் பஸ் ஏறாமல் இருந்தார்கள். வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் மைல் கணக்கில் நடந்தார்கள், காரில் இடம் பகிர்ந்து போனார்கள். அது பாய்காட். போக நினைக்காத படத்துக்கு ‘பாய்காட்’ என்று ஹேஷ்டேக் போடுவதை அந்தப் பெயரால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை. மேயோவின் பண்ணையாள் அறுவடைக் காலத்துக் கூலியை இழந்தான், பாலின்ரோப் கடைக்காரர் வியாபாரத்தை இழந்தார், தூத்துக்குடி நாவிதர் வாடிக்கையை இழந்தார். தனக்கு நஷ்டமில்லாமல் செய்வது வெறும் கூச்சல். கோர்ட் பாய்காட் விஷயத்திலும் நஷ்டம் யாருக்கு என்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது. ஜாமீன் மனு தள்ளிப்போய் உள்ளே கிடக்கிறவருக்கும் பஸ் பிடித்து வந்து திரும்புகிற கட்சிக்காரருக்கும்தான். வக்கீல்களுக்கு ஸ்ட்ரைக் செய்யவோ கோர்ட்டைப் பாய்காட் செய்யவோ உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. வாய்தா மட்டும் நிற்கவில்லை.

இதைவிடக் கனமான விஷயம் ஒன்று இருக்கிறது. பெயர் 1880-இல் பிறந்தது என்றாலும், ஊரே சேர்ந்து ஒருவரை ஒதுக்குவது நமக்குப் புதிதில்லை. ஊர் விலக்கு, சாதிக் கட்டுப்பாடு என்று நம் கிராமங்களில் அது மேயோவுக்கு வெகுகாலம் முன்பிருந்தே உண்டு. கடைக்காரர் சாமான் தராதது, நாவிதரும் வண்ணாரும் வராதது, வேலைக்குக் கூப்பிடாதது எல்லாம் அப்படியே இருக்கும். திசை மட்டும் நேர்மாறு. மேயோவில் கூரையில்லாதவர்கள் சேர்ந்து கோட்டைக்காரரின் ஆளை ஒதுக்கினார்கள். இங்கே நிலமும் கடையும் கிணறும் வைத்திருப்பவர்கள் சேர்ந்து எதுவும் இல்லாதவரை ஒதுக்கினார்கள். செருப்புப் போட்டு நடந்ததற்கு, பொதுக் குளத்தில் தண்ணீர் எடுத்ததற்கு, சாதி தாண்டிக் கல்யாணம் செய்ததற்கு, போலீஸில் புகார் கொடுத்ததற்கு. பாய்காட்டுக்காவது ராணுவ வண்டி கிடைத்தது.

இதை 1930-லேயே தெளிவாகச் சொன்னவர்கள் இரண்டு பேர். லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குத் தாழ்த்தப்பட்டோரின் பிரதிநிதிகளாகப் போன அம்பேத்கரும் செங்கல்பட்டுச் சீமையில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து பாதுகாப்புக் கோரிக்கைகள் அடங்கிய மனு ஒன்றைக் கொடுத்தார்கள். சமூக பாய்காட்டைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. வெறும் கோரிக்கையாக விடாமல், 1922-இல் பர்மாவில் வந்த பாய்காட் எதிர்ப்புச் சட்டத்தை எடுத்து, வேண்டிய மாற்றங்கள் செய்து, சட்ட வாசகத்தையே எழுதிக் கொடுத்தார்கள். வீடோ நிலமோ தர மறுப்பது, வேலை தர மறுப்பது, வழக்கமான கொடுக்கல் வாங்கலை நிறுத்துவது என எது எது பாய்காட் ஆகும் என்று அதில் விளக்கம் இருந்தது. அடிக்காமலே ஒரு குடும்பத்தைப் பட்டினி போட முடியும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கோரிக்கை முழுமையாக நிறைவேற 85 ஆண்டுகள் ஆயின. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-இல் நாடாளுமன்றம் திருத்தம் நிறைவேற்றியது. 2016 ஜனவரி 26 முதல் அது அமலில் இருக்கிறது. ‘சமூக பாய்காட்’, ‘பொருளாதார பாய்காட்’ இரண்டுக்கும் அதில் தனித்தனி விளக்கம் உண்டு. பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவருக்கு எதிராக, அவ்விரண்டிலும் சேராதவர் இவற்றை விதித்தாலும், விதிப்போம் என்று மிரட்டினாலும் குற்றம். தண்டனை ஆறு மாதத்திலிருந்து ஐந்து ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. இன்ன தெருக்காரருக்குக் கடையில் சாமான் கொடுக்கக் கூடாது, வேலைக்குக் கூப்பிடக் கூடாது என்று உங்கள் ஊரில் யாராவது கூடிப் பேசினால், அதை ஊர்க் கட்டுப்பாடு என்று விட்டுவிடாதீர்கள். காவல் நிலையத்தில் அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லிப் புகார் கொடுங்கள், ரசீது வாங்குங்கள்.